சுங்கை சிப்புட்டுக்கு ஹீட்டரா? கூலிங் லோட் கணக்கில் உங்களுக்கு நேர்ந்தது

பால்மரம்:
எங்கள் சுங்கை சிப்புட் மண்டபத்துக்குக் கூலிங் லோட், அதாவது குளிர்விக்க எவ்வளவு ஏர்கோன் வேண்டும் என்ற கணக்கு, போட்டு மண்டபக் கமிட்டியில் ரிப்போர்ட்டை வைத்தேன். உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். தலைவர் முன்னாள் தோட்டத்துக் கிராணி, எண் என்றால் விடமாட்டார். ஒரு வரியில் விரலை வைத்து, "தம்பி, ஹீட்டிங்னு போட்டிருக்கே, நம்ம ஊர்ல யாருக்குக் குளிருது?" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

கட்டட மாடலை அனுப்பிய அலுவலகம் ஊரை மாற்றவே இல்லை. ரெவிட் மென்பொருளில் வழக்கமாக பாஸ்டன்தானே இருக்கும், பனி கொட்டுகிற ஊர். சுங்கை சிப்புட்டுக்கு மாற்றி, வெளிவெப்பம் மலேசியத் தரநிலை எம்எஸ் 1525 சொல்கிற 33.3 டிகிரி, காற்றின் ஈரத்தைக் காட்டும் ஈரக்குமிழ் வெப்பம் 27.2 என்று போட்டேன். ஹீட்டிங் போய்விட்டது. கூலிங் மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. தகரக் கூரை, மாலை நாலு மணிக்கு உள்ளே நிற்க முடியாது. கணக்கைப் பார்த்தால் மாமரத்தடி மாதிரி இருக்கிறது. குறுக்குவெட்டில் பார்த்தால், கணக்கில் சேரும் அறையின் இடத்தைக் காட்டும் நீல ஸ்பேஸ் பாதி உயரத்திலேயே நிற்கிறது. கூரையைத் தொடவில்லை, அதனால் கூரை வெயில் கணக்கிலேயே இல்லை. ஸ்பேஸின் மேல் எல்லையைக் கூரைக்கு மேலே ஏற்றி, கன அளவுக் கணக்கையும் ஆன் செய்ததும் எண் எகிறியது. ஏர்கோன் விலையைக் கேட்ட தலைவர், முதல் ரிப்போர்ட்தான் சரி என்கிறார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மூணாம்_லயம்:
எங்களுக்கு நேர் எதிர். கடைவரிசையில் ஒரு கிளினிக். மென்பொருள் ஒரு ஹார்ஸ் (ஹார்ஸ்பவர்) ஏர்கோன் போதும் என்றது. ஏர்கோன்காரர், "ரெண்டு போடுங்க, பின்னாடி என்னைத் திட்டக் கூடாது" என்று இரண்டு ஹார்ஸ் மாட்டிவிட்டார். அறை சட்டென்று குளிர்ந்து கம்பிரசர் நின்றுவிடும், ஈரம் அப்படியே தங்கும். ஒட்டிக்கொண்ட இரண்டு நோயாளி அட்டைகளை நர்ஸ் நகத்தால் பிரித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உட்கார்ந்து லேசான வேலை பார்க்கும் ஆளே சுமார் 70 வாட் சூடும், மூச்சிலும் வியர்வையிலும் 45 வாட் அளவுக்கு ஈரச் சுமையும் ஏற்றுவார். ஈரச் சுமை ரிப்போர்ட்டில் தனி வரியாக இருந்தது, யாரும் படிக்கவில்லை.

சில்லர்_அண்ணன்:
பால்மரம் தம்பி, ஹீட்டிங் வந்தாலே தப்பு என்று முடிவு கட்டாதே. நான் பார்த்த ஒரு வேலை: கோழி வைக்கிற குளிர் அறை, அதை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். ஆபீசுக்கு ராத்திரியில் ஹீட்டிங் காட்டியது. வரைந்த பையன் சிரித்துக்கொண்டே அழித்தான். கட்டிய பிறகு அந்தப் பொதுச்சுவர் வியர்த்து, காலண்டர் நனைந்து தொங்கியது. சுவரில் இன்சுலேஷன் இல்லை என்பதைத்தான் அந்த எண் சொல்லியிருக்கிறது.

மூணாம் லயம் சொன்னது பாதி சரி. கம்பிரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற இன்வர்ட்டர் ஏர்கோன் போட்டிருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காது, ஆனாலும் பெரிசு பெரிசுதான்.

அப்புறம், எல்லாரும் மாடலில் நேர மண்டலத்தைப் பாருங்கள். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் உலக நேரத்துக்கு +8 மணி. சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணி வாக்கில். +7 என்று கிடந்தால் மேற்குச் சுவரின் உச்சச் சுமை ஒரு மணி நேரம் முன்னால் விழும், ஆள் கூட்டம் வருகிற நேரத்தோடு சேராது. வடக்கையும் பாருங்கள். மனைக்கு வசதியாகத் திருப்பிய வடக்கு வேறு, உண்மை வடக்கு வேறு. ஜூனில் நம்மூர் வெயில் வடக்குச் சுவரில்தான் அடிக்கும். அறைக்கு அறை உச்சத்தைக் கூட்டி மொத்தம் என்று எழுதாதீர்கள். கிழக்கு அறை காலையில் கொதிக்கும், மேற்கு அறை மாலையில். குளிர்விக்கும் திறனில் ஒரு டன் என்பது 3.517 கிலோவாட், மணிக்கு 12,000 பிடியு. அதை ஹார்ஸோடு குழப்புகிற ஆட்களை நிறையப் பார்த்தாயிற்று. கூரைக்கு எம்எஸ் 1525 கேட்பது, தகரம் போன்ற லேசான கூரை என்றால் யு மதிப்பு, அதாவது வெப்பம் ஊடுருவும் அளவு, 0.4க்கு மேல் போகக் கூடாது என்று. மண்டபத்துக்கு அதைப் போட்டு மறுபடி ஓட்டிப் பார்.

கித்தாக்காடு:
அண்ணே, கேட்டது அனுபவம், நீங்கள் டியூஷனே நடத்திவிட்டீர்கள். 0.4 சரி, கமிட்டியிடம் அதற்குக் காசு இருக்கிறதா?

என் கதை பழைய துரை பங்களா, தூண் மேல் நிற்கும் பலகை வீடு, இப்போது தோட்ட ஆபீஸ். மாடலில் தரையை மண்ணோடு ஒட்டி வைத்து, காற்றுக் கசிவைப் பூச்சியமாக விட்டிருந்தார்கள். ஏர்கோன் போட்டும் கிராணிக்கு வியர்வை நிற்கவில்லை. கீழே குனிந்து பார்த்தேன்: பலகை இடுக்கில் வரும் குளிர்காற்றுக்கு நேர் கீழே தோட்டத்து நாய்கள் நாலும் படுத்திருந்தன. தரையை வெளிக்காற்றுக்குத் திறந்ததாக மாற்றி, கசிவையும் சேர்த்துக் கணக்கைத் திருத்திக் கொடுத்துவிட்டேன். இடுக்கை அடைக்கிற வேலைக்கு இன்னும் மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை.