பன்றிகளோடு பழகுகிறீர்களா என்று வைத்தியசாலையில் ஏன் கேட்கிறார்கள்?

மேற்குக்காற்று (டென்மார்க்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் நடு யூலானில் ஒரு பன்றிப் பண்ணையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். முதல் ஆறு ஆண்டுகள் தாய்ப்பன்றிகள் குட்டி ஈனும் பகுதியில் இருந்தேன். இப்போது பால்குடி மறக்கச் செய்த குட்டிகளின் கொட்டில் என் பொறுப்பில் இருக்கிறது. சென்ற மாதம் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக வைத்தியசாலைக்குச் சென்றபோது, பெயரையும் பிறந்த திகதியையும் கேட்ட கையோடு தாதி கேட்டது, உயிருள்ள பன்றிகளோடு பழகுகிறேனா என்பதைத்தான். ஆம் என்றதும் பஞ்சு சுற்றிய குச்சியால் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்தார்கள். முடிவு வரும்வரை என்னைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். தேநீர் கொண்டு வந்த பெண்கூட மேலங்கியும் கையுறையும் அணிந்துதான் உள்ளே வந்தார். இரண்டு நாட்களில் தகவல் வந்தது: என் மூக்கில் எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி, அதாவது பல நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அடங்காத ஒரு கிருமி, இருக்கிறது, அதுவும் பன்றிகளிடமிருந்து வரும் வகை. சத்திரசிகிச்சை ஒரு குறையுமின்றி முடிந்தது. ஆனால் கிருமியை நீக்க மருந்து எதுவும் தரவில்லை, நானும் அந்த நேரத்தில் கேட்கவில்லை.

டென்மார்க் தன் பண்ணைகளில் நுண்ணுயிர்க்கொல்லிகளைக் குறைவாகப் பயன்படுத்தும் நாடு என்று எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இந்தக் கிருமி இங்குள்ள பெரும்பாலான பண்ணைகளில் எப்படி வந்தது? வீட்டில் எட்டு வயது மகளும், நீரிழிவு நோயுள்ள மாமியாரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் ஆபத்து உண்டா? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தீவனத்தில் சிங்க் ஒக்சைட் (துத்தநாகச் சேர்மம்) சேர்ப்பது நின்ற பிறகு, குட்டிகளுக்கு வயிற்றோட்டம் முன்பைவிட அடிக்கடி வருகிறது. காலையில் விளக்கைப் போட்டால் வால் நனைந்து, விலா ஒட்டி, சுவரோரமாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. தண்ணீர்க் குழாயில் மருந்து கலக்கும் பம்பை நான்தான் இயக்குகிறேன். இந்தச் சிக்கலில் என் கையும் இருக்கிறதோ என்று சில நாட்களாக யோசிக்கிறேன்.

நாமக்கல் கால்நடை (நெதர்லாந்து) எழுதியது:

வணக்கம் நண்பரே. நான் நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இப்போது நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைகளுக்குச் சென்று வருகிறேன். உங்கள் முதல் கேள்வியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒரு நாடு எவ்வளவு ஆன்டிபயாட்டிக் பயன்படுத்துகிறது என்பது ஒன்று; மருந்துக்கு அடங்காத கிருமி அந்நாட்டு மந்தைகளுக்குள் எந்த வழியாகப் புகுந்து எந்த வழியாகப் பரவுகிறது என்பது வேறொன்று. இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதை மட்டும் அளந்தால் உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் எவருக்கும் ஏற்படும்.

உங்கள் மூக்கில் இருப்பதை சிசி398 என்று அழைக்கிறார்கள். இது முதலில் கவனத்துக்கு வந்ததே நான் இருக்கும் நாட்டில்தான். 2004ஆம் ஆண்டு, பன்றி வளர்க்கும் குடும்பம் ஒன்றின் ஆறு மாதக் கைக்குழந்தைக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பு செய்த வழக்கமான பரிசோதனையில் இது தெரிய வந்தது. குழந்தைக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனவர்கள் பன்றிகளிடம் போய் நின்றார்கள். பின்னாளில், 2012இல் வெளியான மரபணு ஆய்வு, இதன் மூதாதை மனிதர்களிடம் இருந்த, மருந்துக்கு அடங்கும் சாதாரணக் கிருமிதான் என்று காட்டியது. மனிதரிடமிருந்து கால்நடைக்குத் தாவி, அங்கே டெட்ராசைக்ளின், மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குகளை எதிர்க்கும் திறனைப் பெற்றுக்கொண்டு, நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. கொடுத்த கடனை வட்டியோடு வாங்கிக் கொள்கிறோம் என்று என் பேராசிரியர் ஒருவர் கேலியாகச் சொல்வார்.

டென்மார்க்கில் 2014இல் சோதித்த பண்ணைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் இது இருந்தது. 2016இல் அது 88 சதவீதம் ஆகிவிட்டது. அந்த ஆண்டுகளில் மருந்துப் பயன்பாடு கூடியதால் ஏற்பட்ட மாற்றம் அல்ல இது. பன்றி உற்பத்தி கூம்பு வடிவில் அமைந்த தொழில். உச்சியில் சில இனப்பெருக்கப் பண்ணைகள், அவற்றிலிருந்து இளம் தாய்ப்பன்றிகளை வாங்கும் பண்ணைகள் அடுத்து, அவற்றிலிருந்து குட்டிகளை வாங்கி வளர்க்கும் பண்ணைகள் அடியில். மாடித் தொட்டியில் ஒரு கரண்டி சாயம் விழுந்தால் கீழே எத்தனை குழாயைத் திறந்தாலும் அதே நிறம்தானே வரும்? உயிருள்ள விலங்குகள் லாரியில் போகும் பாதையே கிருமியின் பாதை. ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குட்டிகள் டென்மார்க்கிலிருந்து போலந்துக்கும் ஜெர்மனிக்கும் உயிரோடு ஏற்றுமதியாவதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இதற்காக டென்மார்க்கின் பெயர் பொய்யாகிவிடாது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை அந்நாடு 1990களின் இறுதிக்குள் நிறுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அந்தத் தடை வந்தது 2006இல்தான். மருந்து விற்று லாபம் பார்க்கும் வழி கால்நடை மருத்துவர்களுக்கு ஏறக்குறைய அடைக்கப்பட்டது. எந்தப் பண்ணைக்கு எந்த மருந்து எவ்வளவு போகிறது என்பதை 2000 முதல் ஒரே தரவுத்தளத்தில் பதிகிறார்கள். 2010இல் வந்த மஞ்சள் அட்டை முறையில் வரம்பு மீறிய பண்ணைக்காரர் எச்சரிக்கப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் பயன்பாடு சுமார் கால்பங்கு குறைந்தது, தடுப்பூசிகள் கூடின. மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் ஒன்றான கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு சீனப் பன்றிகளில் இருப்பது 2015இல் வெளியானதும், அந்த மருந்தின் ஒவ்வொரு வேளையையும் பத்து மடங்காகக் கணக்கில் ஏற்றும்படி அட்டை முறையைத் திருத்தினார்கள்.

அடுத்து சிங்க். உங்கள் கொட்டிலில் நடப்பது எனக்கும் பழகிய காட்சிதான். பால்குடி மறந்த முதல் இரண்டு வாரங்களுக்குக் கிலோ தீவனத்துக்கு 2500 மில்லிகிராம் என்ற அளவில் அது கழிச்சலை அடக்கி வைத்திருந்தது. சாணத்தோடு வயலுக்குப் போய் மண்ணில் சேர்ந்துகொண்டே இருந்ததால் 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்தியது. நம் கிருமிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: மெதிசிலினை எதிர்க்கும் மரபணு இருக்கும் அதே டி.என்.ஏ. துண்டில், சிங்கைத் தாங்கும் மரபணுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிங்க் கொடுக்கும்போதெல்லாம் ஆன்டிபயாட்டிக் ஒரு துளியும் கொடுக்காமலே இந்தக் கிருமிக்கு நாம் சாதகம் செய்து கொண்டிருந்தோம். அதை நிறுத்தியது சரி. ஆனால் அதை எதற்காகக் கொடுத்தோமோ அந்தக் காரணம் அப்படியே இருக்கிறது. டென்மார்க்கில் கழிச்சலுக்குக் கொடுக்கும் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கின் பயன்பாடு அதன்பின் ஏறியது அதனால்தான்.

நான்கு வாரக் குட்டியின் குடல் என்ன நிலையில் இருக்கிறது என்று யோசியுங்கள். தாய்ப்பாலில் வந்துகொண்டிருந்த எதிர்ப்புப் புரதங்கள் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. மாவையும் சோயாப் புரதத்தையும் செரிக்கும் நொதிகள் இன்னும் போதுமான அளவு சுரக்கவில்லை. செரிக்காத புரதம் குடலில் இ.கோலை என்ற கிருமிக்கு விருந்தாகிறது, அது குடல்சுவரில் ஒட்டிக்கொண்டு விடும் நச்சு, உடலின் நீரை எல்லாம் குடலுக்குள் இழுக்கிறது. அதே நாளில் தாயைப் பிரிந்து, அறிமுகமில்லாத குட்டிகளோடு ஒரே அடைப்பில் விடப்பட்டு, இரவெல்லாம் சண்டையிட்டு, சரியாகத் தின்னாமல் கிடக்கின்றன. இதற்குப் பம்பை இயக்குபவர் மீது எப்படிப் பழி போடுவது?

பேர்கன் தாதி (நோர்வே) எழுதியது:

வணக்கம் அண்ணா. நான் வைத்தியசாலையில் தொற்றுத் தடுப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். முதலில் வீட்டுக் கவலையைத் தீர்த்துக் கொள்வோம். கிருமியைச் சுமப்பது வேறு, நோய்ப்படுவது வேறு. உங்களைப் போல மூக்கில் சுமப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்குக் கட்டியோ புண்ணோ வரலாம். ஒரு மணி நேரம் கொட்டிலுக்குள் நின்று வந்தவர்களின் மூக்கிலும் இது இருக்கும், ஆனால் பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் போய்விடும். நீங்கள் தினமும் அந்தத் தூசியைச் சுவாசிக்கிறீர்கள், அதனால்தான் தங்கியிருக்கிறது. மூக்கு மருந்தும் கிருமிநாசினிக் குளியலும் தராததன் காரணமும் அதுவே: ஐந்து நாட்கள் செய்து முடித்துத் திங்கட்கிழமை வேலைக்குப் போனால் செவ்வாய்க்கிழமை மீண்டும் வந்திருக்கும்.

இந்த வகை மனிதரிடமிருந்து மனிதருக்கு மற்ற எம்.ஆர்.எஸ்.ஏ. வகைகளைப் போல எளிதில் தொற்றுவதில்லை. பண்ணையிலேயே தலைமுடியோடு சேர்த்துக் குளித்துவிட்டு, வேலை உடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கண்ணிமையிலும் காதோரத்திலும் தூசி ஒட்டியிருக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துவாயை வீட்டில் ஒருவரோடும் பகிர வேண்டாம். மாமியாருக்குக் காலில் புண் இருந்தால் அதைக் கட்டுவதை வேறொருவர் செய்யட்டும், அவருடைய வைத்தியரிடமும் உங்கள் தொழிலைச் சொல்லி வையுங்கள். மகளைத் தயங்காமல் தூக்கிக் கொஞ்சுங்கள். இறைச்சியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நன்றாகச் சமைத்தால் கிருமி இறந்துவிடும், பயம் தேவையில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் மேலே எழுதிய வைத்தியரோடு சேர்ந்து ஓர் அடி கூடுதலாகப் போக விரும்புகிறேன். நோர்வேயில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பண்ணையில் எல்லாப் பன்றிகளையும் அகற்றி, கொட்டிலைக் கழுவி, கிருமி நீக்கி, காயவிட்டு, கிருமியில்லாத மந்தையிலிருந்து புதிதாக வாங்கி நிரப்புகிறார்கள். இங்கு வெளிநாட்டிலிருந்து உயிர்ப்பன்றிகள் வருவது மிகவும் அரிது; 2013ஐ ஒட்டி ஏற்பட்ட பரவல்களை ஆராய்ந்தபோது, கிருமியை உள்ளே கொண்டு வந்தது பெரும்பாலும் மனிதர்கள்தான் என்று தெரிந்தது. அதனால் வேறு நாட்டுப் பண்ணையில் வேலை செய்துவிட்டு வருபவர் கொட்டிலுக்குள் போகுமுன் சோதித்துக் கொள்ள வேண்டும். ஒன்றிரண்டு பண்ணைகளில் இருக்கும்போதே செய்ததால் இது முடிந்தது. பத்தில் ஒன்பது பண்ணைகளில் பரவிய பிறகு டென்மார்க்கால் இதைச் செய்ய முடியாது.

கருவேலன் எழுதியது:

இவ்வளவு சிக்கல் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. விலங்குகளுக்கு இந்த மருந்துகளையே கொடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் சட்டம் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் அல்லவா?

நாமக்கல் கால்நடை எழுதியது:

முடியாது ஐயா. கழிச்சலில் நீர் வற்றி, நிற்க முடியாமல் விழுந்து கிடக்கும் குட்டிக்கு மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல் விடுவது கொடுமை. மருந்தே படாத பன்றி என்று கூடுதல் விலைக்கு விற்கும் ஏற்பாடுகளில் எனக்கு இருக்கும் தயக்கமும் இதுதான்: ஊசி போட்டால் அந்த விலை போய்விடும் என்று தெரிந்த பண்ணைக்காரர் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்க இடமிருக்கிறது, அந்த ஒரு நாளை வலியோடு கழிப்பது குட்டி. மருந்து தேவைப்படாத நிலையை உண்டாக்குவதுதான் வேலை.

ஸ்கோன வாசி (சுவீடன்) எழுதியது:

நான் சுவீடனின் தென்கோடியில் ஒரு பண்ணையில் இருக்கிறேன். அதற்கு முன் டென்மார்க்கிலும் வேலை செய்தவன் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைச் சுவீடன் 1986லேயே தடை செய்தது, அதுவும் விவசாயிகள் சங்கமே முன்வந்து கேட்டதால். தொடக்க ஆண்டுகள் நன்றாகப் போகவில்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். குட்டிகள் வயிற்றோட்டத்தில் விழுந்தன, மருந்துச் சீட்டுகள் ஏறின. அப்புறம்தான் கொட்டிலை மாற்றினார்கள். இங்கே குட்டிகளைப் பிரிப்பது நடைமுறையில் ஐந்து வாரத்தை ஒட்டித்தான். சட்டம் சொல்லும் நான்கு வாரத்துக்கும் இதற்கும் ஒரே வாரம்தான் வேறுபாடு என்றாலும், அந்த ஒரு வாரத்தில் குட்டி தாயின் தொட்டியிலேயே தீவனத்தைக் கொறித்துப் பழகிவிடுகிறது. தாய்ப்பன்றியைக் கம்பிகளுக்கிடையில் அடைப்பதில்லை, வைக்கோல் உண்டு, வாலை நறுக்குவதில்லை.

வாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக வால் நறுக்குவதை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் எல்லா நாடுகளிலும் தடுக்கிறது. இருந்தும் பெரும்பாலான நாடுகளில் நறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஏனென்றால் நறுக்காவிட்டால் ஒன்றின் வாலை மற்றொன்று கடிக்கிறது. கடிபட்ட புண் வழியாகக் கிருமி ஏறி முதுகெலும்பில் சீழ் கட்டும், அதற்கும் மருந்துதான். கிளறுவதற்கு ஒன்றுமில்லாத வெறும் தரையில் நாள் முழுக்க நிற்கும் பன்றி வேறு எதைக் கடிக்கும்? என் அனுபவத்தில் வைக்கோல் குறைவாகப் போட்ட வாரத்தில் இங்கேயும் கடி வந்திருக்கிறது.

டென்மார்க்கில் நான் பார்த்த தாய்ப்பன்றிகள் ஓர் ஈற்றுக்கு 17, 18 குட்டிகள் போட்டன. காம்புகளோ 14 அல்லது 16. மீந்தவற்றைப் பெட்டியில் எடுத்துப் போய் வேறு தாயிடம் விடுவது என் காலை வேலையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டிலின் கிருமி மறு கொட்டிலுக்குப் போகிறது என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மேற்குக்காற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாதித் தங்கச்சி சொன்ன பிறகு மாமியாரின் காலைப் பார்த்தேன். குதிகாலில் ஒரு வெடிப்பு இருந்தது, இனி அதை மனைவி கவனித்துக் கொள்வார். ஸ்கோன நண்பர் எழுதியதை முதலாளியிடம் காட்டினேன். ஐந்து வாரம் வைத்திருக்க ஈனும் கொட்டிலில் இடம் போதாது, அதற்கு நூறு தாய்ப்பன்றிகளைக் குறைக்க வேண்டும், அதை வங்கி ஒப்புக்கொள்ளாது என்று சொன்னார். ஆனால் ஈனும் கொட்டிலிலிருந்து வரும் குட்டிகளைக் கலக்காமல், ஒரு தாயின் குட்டிகளை ஒரே அடைப்பில் விட்டுப் பார்க்கவும், இ.கோலைக்கு எதிரான தடுப்பு மருந்தைப் பற்றி எங்கள் கால்நடை வைத்தியரிடம் பேசவும் சம்மதித்தார். அடுத்த தொகுதி வியாழக்கிழமை வருகிறது. தீவனத்தில் புரதத்தை எவ்வளவு குறைக்கலாம் என்று நாமக்கல் ஐயா சொன்னால் அதையும் கேட்டுப் பார்ப்பேன்.

நாமக்கல் கால்நடை எழுதியது:

அளவை உங்கள் தீவனத்தின் கலவையைப் பார்க்காமல் சொல்வது தவறு. அதன் விவரச் சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள். அதோடு, பிரித்த நாள் முதல் பத்து நாட்களுக்கு ஒவ்வொரு அடைப்பிலும் எத்தனை குட்டிகளுக்கு வால் நனைந்திருக்கிறது என்று காலையில் ஒரே நேரத்தில் எண்ணி எழுதி வையுங்கள். கலந்து விட்ட பழைய தொகுதி ஏதாவது இன்னும் கொட்டிலில் இருந்தால் அதையும் சேர்த்து எண்ணுங்கள்.