அக்டோபர் கடைசி வாரம் நியூயார்க் – ஹாம்பர்க் கால் டைம் இடிக்குது, எப்படிச் சரி பண்றது?

பின்னல்_மெர்ச்சன்டைசர் (திருப்பூர்)

வணக்கமுங்க. நியூயார்க் பையர், ஹாம்பர்க் பையிங் ஆபீஸ், நாம, மூணு பேரும் சேர்ந்து வாராவாரம் செவ்வாய்க்கிழமை கால். கோடையில நமக்கு சாயங்காலம் 6:30, நியூயார்க்குக்கு காலை 9:00, ஹாம்பர்க்குக்கு மதியம் 3:00. குளிர்காலத்துல நமக்கு 7:30 ஆகுதுங்க, அது பரவால்ல. ஆனா மார்ச்லயும் அக்டோபர் கடைசியிலயும் சில வாரம் ஹாம்பர்க் மட்டும் தனியா விலகுது. காலண்டர்ல எந்த ஊர் நேரத்துல போடோணும்? கொரியர் பிக்கப், சாம்பிள் கட்-ஆஃப் எல்லாம் இதோட சேர்ந்து கெடுது.

கோவை_சிஸ்டம்ஸ்

கோடையில கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி நகர்த்தற டேலைட் சேவிங் முறைதாங்க இது. விலகறதுக்குக் காரணம், அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஒரே நாள்ல கடிகாரத்தை மாத்தறதில்லைங்க. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னாடி வெச்சு, நவம்பர் முதல் ஞாயிறு பின்னாடி வெக்கும். 2007-லிருந்து இதுதான் கணக்கு. ஐரோப்பா மாத்தறது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும்.

2026-ல அக்டோபர் 25 ஐரோப்பா மாறுது, நவம்பர் 1 அமெரிக்கா மாறுது. நடுவுல வர்ற அக்டோபர் 27 செவ்வாய்தான் சிக்கல். அன்னிக்கு நியூயார்க் காலை 9:00-ன்னா நமக்கு அதே 6:30, ஆனா ஹாம்பர்க்குக்கு மதியம் 2:00. அவங்க பழக்கத்துல 3:00-க்கு வந்தா, நாம ஒரு மணி நேரம் காத்திருக்கோணும். நவம்பர் 3-லிருந்து நமக்கு 7:30, ஹாம்பர்க்குக்கு மறுபடி 3:00. அடுத்து 2027 மார்ச் 14-லிருந்து 28 வரைக்கும் இதே கூத்து, ரெண்டு வாரம்.

மாற்றம் நடக்கறது அவங்க ஊர் ஞாயிறு விடியக்காலம். நம்ம நேரத்துல ஐரோப்பா ஞாயிறு காலை 6:30-க்கு மாறும். நியூயார்க் நவம்பர்ல ஞாயிறு 11:30-க்கு, மார்ச்ல மதியம் 12:30-க்கு. அதனால நமக்கு முதல் அடி திங்கட்கிழமைதான்.

இன்வைட்டை நியூயார்க் நேரத்துல போடுங்க, முடிவு எடுக்கறவர் அங்கதான இருக்கார். கொல்கத்தா நேரத்துல (காலண்டர்ல இந்திய நேரத்துக்கு இதான் பேரு) போட்டா நமக்கு 6:30 நகராது, ஆனா நவம்பர்ல பையருக்கு காலை 8:00 ஆயிடும். ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடியே கால் முடிஞ்சு போகும். அக்டோபர் 27-க்கு மட்டும் ஹாம்பர்க்குக்குத் தனி மெயில், அவங்க ஊர் மணியைப் போட்டு.

ஈரோடு_எக்ஸ்போர்ட்_டாக்ஸ்

மேல சொன்னதோட இன்னொன்னு. பையர் மெயில்ல வருசம் முழுக்க "ஈஎஸ்டி"ன்னு எழுதுவாங்க; அது நியூயார்க்கோட குளிர்கால நேரத்துக்கு மட்டும் உள்ள பேரு. ஜூலையில "ஃபிட் கமெண்ட்ஸ் (சாம்பிள் அளவு பத்தின கருத்து) சாயங்காலம் 5:00 ஈஎஸ்டி"ன்னு வந்தா, எழுத்துப்படி நமக்கு விடியக்காலம் 3:30. ஆனா அவங்க மனசுல இருக்கறது அங்க அப்ப ஓடற கடிகாரம், அதாவது 2:30. அந்த ஒரு மணி நேர வித்தியாசத்துல சாம்பிள் ரிவ்யூ கைவிட்டுப் போயிடும். அதனால பதில்ல "நியூயார்க் நேரம் செவ்வாய் சாயங்காலம் 5:00, திருப்பூர் நேரம் புதன் விடியக்காலம் 2:30"னு ஊர் பேரும் கிழமையும் போட்டு உறுதி கேளுங்க. நடுராத்திரி தாண்டறதால கிழமை மாறுது, அதுலதான் பாதி குழப்பம்.

எக்செல் டிராக்கர்ல 9:30 மணி நேரத்தை அப்படியே கூட்டற ஃபார்முலா இருந்தா இன்னிக்கே தூக்குங்க. நவம்பர் 1-லிருந்து அது 10:30 ஆகும், ஷீட் ஒண்ணும் சொல்லாது.

கோவை_சிஸ்டம்ஸ்

சர்வர் பக்கமும் பாருங்க. நியூயார்க் நேரத்துல ஓடற மெஷின்ல, மார்ச் மாறற அன்னிக்கு விடியக்காலம் 2:30-ங்கற நேரமே கிடையாது. அந்த நேரத்துக்கு வெச்ச ஸ்டாக் ரிப்போர்ட்டை சில ஷெட்யூலர் (குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டற சாஃப்ட்வேர்) பிறகு ஓட்டும், சிலது சத்தமில்லாம விட்டுரும். நவம்பர்ல 1:30 ரெண்டு தடவை வரும். ரிப்போர்ட்டும் ரெண்டு தடவை போகலாம், இன்வாய்ஸ் ஜாப்பா இருந்தா டபுள் என்ட்ரி. லாக்ல 1:50-க்கு அடுத்த வரி 1:05-ன்னு நிக்கும். மெஷினை யுடிசி-யில (கோடை, குளிர்னு மாறாத உலகப் பொது நேரம்) வைங்க. நடந்து முடிஞ்சதை யுடிசி-யில சேமியுங்க; வரப்போற மீட்டிங்கை உள்ளூர் மணி, ஊர் பேரு ரெண்டையும் சேர்த்து சேமியுங்க. சட்டம் மாறினா யுடிசி-யில மாத்தி வெச்ச நேரம் தப்பாயிடும். 2022-ல மெக்சிகோ பெரும்பகுதி டேலைட் சேவிங்கையே விட்டுருச்சு, டைம்ஸோன் அப்டேட் போடாத மெஷின் எல்லாம் 2023 ஏப்ரல்ல ஒரு மணி நேரம் முன்னாடி ஓடியிருக்கும்.

பின்னல்_மெர்ச்சன்டைசர் (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க. இத்தனை தொல்லைக்கு அவங்களுக்கு லாபம்தான் என்னங்க? கரன்ட் மிச்சமாகுதுங்களா?

ஈரோடு_எக்ஸ்போர்ட்_டாக்ஸ்

அந்தக் கணக்கே ஆட்டம் கண்டுருச்சுங்க. இண்டியானா மாநிலம் 2006-ல முழுசா இந்த முறைக்கு வந்தப்ப, வீட்டு மின்சாரம் ஏறக்குறைய 1 சதவீதம் கூடினதா ஆய்வு சொல்லுச்சு. விளக்குல மிச்சமானதை, சாயங்கால வெக்கையில ஓடின ஏசி தின்னுருச்சு. மார்ச்ல ஒரு மணி நேரத் தூக்கம் போறதால, அந்த வாரம் மாரடைப்பும் சாலை விபத்துச் சாவும் கொஞ்சம் கூடுதுன்னு தனித்தனி ஆய்வுகள் இருக்கு. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-லயே இதை நிறுத்த ஓட்டுப் போட்டும், நாடுகள் ஒத்துப்போகாம அப்படியே கிடக்கு. நம்ம கொங்குப் பக்கம் கோடைக்கும் குளிருக்கும் பகல் நீளம் ஏறக்குறைய ஒன்னேகால் மணி நேரம்தான் மாறுது, நமக்கு இது எந்த விதத்திலயும் உதவாது.

சிட்னி பையர் இருந்தா இன்னொரு தேதியும் குறிச்சுக்கங்க: அங்க அக்டோபர் முதல் ஞாயிறு முன்னாடி, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னாடி. நமக்கும் அவங்களுக்கும் இடைவெளி அக்டோபர்லிருந்து ஏப்ரல் வரைக்கும் 5:30 மணி நேரம், மத்த மாசம் 4:30. பிரிஸ்பேன் மாறவே மாறாது, வருசம் முழுக்க 4:30.