மறு: ‘ஃப்ளோட்’டுக்கு மிதவை வேண்டாம், ‘பொறுதி’ ஆகுமா?

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சொல் கேட்டதற்கு இத்தனை மடல் வரும் என்று நினைக்கவில்லை. விடைத்தாள் கட்டு ஒன்று மேசையில் கிடந்ததால் பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னிக்கவும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சிவில் பிள்ளைகளுக்குத் திட்ட மேலாண்மையின் அடிப்படைகளை நடத்துகிறேன். பாடமும் தேர்வும் ஆங்கிலம்தான், ஆனால் வகுப்பில் பாதிப் பேர் கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் பக்கத்திலிருந்து பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுக்காக ஒரு தமிழ்க் குறிப்பேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஃப்ளோட்’ என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். ஒரு வேலை எத்தனை நாள் தாமதித்தாலும் முழு வேலையும் தள்ளிப்போகாதோ அந்த நாட்களுக்குப் பெயர்தான் ஃப்ளோட். அதற்குத்தான் தமிழில் ஒரு சொல் கேட்டிருந்தேன்.

முதலில் ‘மிதவை’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் எழுந்து, “சார், மிதவைன்னா வலையில கட்டுறதுதானே, அது எப்படி நாள் கணக்குல வரும்?” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் கிண்டலுக்குக் கேட்கவில்லை, வீட்டில் வலை கட்டுகிற பையன், அவனுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது. அன்றைக்கே மிதவையை அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து எது எத்தனை நாள் தள்ளலாம் என்று பார்க்கிற இந்தக் கணக்கு முறை 1950களின் கடைசியில் இரண்டு இடங்களில் தனித்தனியாகப் பிறந்தது. 1957 வாக்கில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து தொழிற்சாலை வேலைகளுக்காகப் போட்டது ஒன்று, அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணை வேலைக்காக உருவாக்கிய ‘பெர்ட்’ இன்னொன்று. பாடப் புத்தகங்களைப் பார்த்தால் முதல் முறையைச் சொல்லும்போது ‘ஃப்ளோட்’ என்பார்கள், இரண்டாவதில் ‘ஸ்லாக்’ என்பார்கள், அதாவது தொங்கும் கயிறு. அவர்களே ஒரு கையில் மிதவையும் ஒரு கையில் கயிறுமாக நிற்கும்போது நாம் எதற்கு அந்த மிதவையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> தொய்வு என்றே வைக்கலாமே, ஸ்லாக் என்பதற்கு நேர்ச் சொல்

கயிற்றுக்கு நேர்ச் சொல்தான், ஐயா. ஆனால் செய்தித்தாள் அந்தச் சொல்லைக் கெடுத்துவிட்டது. ‘மேம்பாலப் பணியில் தொய்வு’ என்று தலைப்பு வந்தால் என்ன அர்த்தம்? வேலை ஏற்கெனவே பின்தங்கிவிட்டது என்று. நமக்கு வேண்டியது பின்தங்கினாலும் குடி முழுகாத நாட்களின் எண்ணிக்கை. கிட்டத்தட்ட நேர் எதிர்.

> கால அவகாசம், எல்லாருக்கும் புரியும்

புரியும். தப்பாகப் புரியும். அவகாசம் என்பது ஒருவர் கேட்டு இன்னொருவர் கொடுப்பது. வரி கட்ட அவகாசம், பதில் மனு போட அவகாசம். இந்த நாட்களை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை, வேலைகள் ஒன்றன்பின் ஒன்று கோத்திருக்கிற விதத்திலேயே அது கிடக்கிறது, நாம் கணக்குப் போட்டு எடுக்கிறோம், அவ்வளவுதான். தளர்வு என்று எழுதியவருக்கும் கிட்டத்தட்ட இதே பதில். 2020க்கு அப்புறம் தளர்வு என்றால் ஊரடங்கில் அரசு அறிவிக்கிற ஒன்றுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நெகிழ்வு மோசமில்லை. ஆனால் ‘இந்த வேலைக்குப் பன்னிரண்டு நாள் நெகிழ்வு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கில் ஒட்டவில்லை.

இப்போது என் கதை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை கட்டிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றபோது, ஜன்னல் கிரில்லுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லையே என்று மேஸ்திரியிடம் பதறினேன். பாடம் நடத்துகிறவனுக்கு வரும் பதற்றம் அது. அவர் கலவைச் சட்டியைக் கழுவிக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “கிரில்லு பத்து நாள் பொறுக்கும் சார். சென்ட்ரிங்தான் பொறுக்காது, நாளைக்கே ஆளு வரணும்.”

பொறுக்கும், பொறுக்காது. ஒரு பருவம் முழுக்க நான் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதை மனுஷன் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

வீட்டுக்குள் வந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சென்ட்ரிங், அதாவது தளத்தைத் தாங்கும் பலகை அடித்துக் கம்பி கட்ட 6 நாள், கான்கிரீட் போட 1, முட்டுக் கொடுத்தது அப்படியே நிற்க 14, பலகை பிரிக்க 1. ஆக 22 நாள். அதற்கு அப்புறம்தான் பூச்சு வேலை. பூச்சு ஆரம்பிக்கும்போது கிரில் கையில் இருந்தால் போதும். வெல்டிங் பட்டறையில் கிரில் செய்ய 8 நாள், ரெட் ஆக்ஸைடு அடித்துக் காய 2 நாள், ஆக 10. இன்றைக்கே சொன்னால் பத்தாம் நாள் தயார், சும்மா சுவரில் சாய்ந்து கிடக்கும். பன்னிரண்டு நாள் கழித்துச் சொன்னாலும் 22ஆம் நாள் சரியாக வந்து நிற்கும். பதின்மூன்று நாள் தள்ளினால் வீடே ஒரு நாள் தள்ளும். அந்த 12தான் நாம் பேர் தேடுகிற பொருள். மேஸ்திரி வாய்க்கணக்கில் பத்து என்றது இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு சொன்னது, அது அவர் தொழில்.

ஆகவே என் பரிந்துரை ‘பொறுதி’. பொறுமை, மன்னிப்பு என்ற பொருளில் ஏற்கெனவே இருக்கிற சொல்தான், புதிதாக எதையும் ஒட்டவில்லை. கிரில்லின் பொறுதி 12 நாள். சென்ட்ரிங்கின் பொறுதி சுழி.

இதில் எனக்குப் பிடித்தது அதன் குடும்பம். மேலே சொன்ன 12 நாள் கிரில்லுக்கும் பெயிண்டுக்கும் சேர்த்துத்தான், ஆளுக்குப் பன்னிரண்டு கிடையாது. பட்டறைக்காரர் பத்து நாளைத் தின்றுவிட்டால் பெயிண்டருக்கு மிஞ்சுவது இரண்டு. மாணவர்கள் தேர்வில் சறுக்குவது சரியாக இந்த இடத்தில்தான். ஆளுக்கு 12 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். முழு வேலையும் தள்ளிப்போகாமல் தாமதிக்கக்கூடிய இந்த 12ஐ ‘மொத்தப் பொறுதி’ எனலாம். அடுத்த வேலை தொடங்கக்கூடிய முதல் நாள்கூட அசையாமல் ஒரு வேலை எத்தனை நாள் தாமதிக்கலாம் என்ற இன்னொரு கணக்கு உண்டே, அது ‘தன்பொறுதி’. கிரில் செய்வது ஒரு நாள் தள்ளினாலும் பெயிண்ட் ஒரு நாள் தள்ளும், அதனால் கிரில்லின் தன்பொறுதி சுழி. பெயிண்டின் தன்பொறுதி 12. ஐப்பசி மழைக்கு முன்னால் பூச்சு முடிய வேண்டும் என்று வீட்டம்மா தேதி குறித்துவிட்டு, அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தொடங்க வேண்டிய நாள் போன வாரமே போய்விட்டது என்று வந்தால், அது கழித்தல் குறியோடு வரும் பொறுதி. ‘பொறுதிக் கடன்’ என்று எழுத ஆசை, குழு என்ன சொல்கிறதோ.

அப்புறம் அந்த ‘கிரிட்டிக்கல் பாத்’, அதாவது ஒரு நாள் தாமதித்தாலும் முழு வேலையையும் தள்ளிவிடும் வேலைகளின் சங்கிலி. முக்கியப் பாதை என்று எழுதியவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. சென்ட்ரிங் பலகை நிற்கிற 14 நாளில் யாரும் ஒன்றும் செய்வதில்லை, காலையும் மாலையும் தண்ணீர் விடுவதோடு சரி. அது முக்கியமான வேலையா? யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆனால் அது பாதையில் இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பொறுதி இல்லை. பல லட்சம் போட்டு வாங்கும் சாமான் ஒன்று அந்தப் பாதையில் இல்லாமலும் போகலாம். விலைக்கும் பெருமைக்கும் இங்கே வேலையில்லை, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இருக்கும் சங்கிலிகளில் நீளமானது எது என்பதுதான் கேள்வி. ‘மாறுநிலைப் பாதை’ என்பது இயற்பியலில் மாறுநிலை வெப்பநிலை என்கிறோமே அதிலிருந்து இழுத்து வந்தது, அங்கே பொருளின் நிலை மாறுகிறது, இங்கே எதுவும் மாறவில்லை. பொறுதி என்ற சொல் நின்றுவிட்டால் இதற்குப் ‘பொறாப்பாதை’ என்று வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

கொசுறாக ஒன்று. யாழ்ப்பாணத்து அக்கா ‘திட்டம்’ என்ற சொல்லையே தூக்கிப் போடச் சொல்லியிருந்தார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஐந்தாண்டுத் திட்டமும் திட்டம், சத்துணவுத் திட்டமும் திட்டம், எங்கள் மாவட்டத்து வீராணம் திட்டமும் திட்டம் (ராட்சதக் குழாய்கள் வருஷக்கணக்கில் சாலையோரம் கிடந்தன, புது வீராணம் என்று ஆரம்பித்து 2004இல்தான் தண்ணீர் சென்னைக்குப் போனது). ஒரு அத்தியாயத்துக்கு ‘திட்டத் திட்டமிடல்’ என்று தலைப்பு வைத்துவிட்டு நானே முழித்தேன். இலங்கையில் புழங்கும் ‘செயற்றிட்டம்’ எவ்வளவோ தேவலை. ஆனால் பாடத்தின் பெயரை மாற்ற என்னிடம் அதிகாரம் இல்லை, அது தனி இழையில் போகட்டும்.

மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். குறிப்பேடு அடுத்த திங்கள் ஜெராக்ஸுக்குப் போகிறது.

* * *

மறுபடியும் நானே. இரண்டு நாளில் வந்த மடல்களுக்குச் சேர்த்துப் பதில்.

> டாலரன்ஸ் என்பதற்கு நான் பொறுதி என்று எழுதி வருகிறேன், மோதாதா?

மோதாது என்றுதான் படுகிறது. அச்சுத்தண்டு குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது அங்கே, நாள் எவ்வளவு விலகலாம் என்பது இங்கே. அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் ‘காலப் பொறுதி’ என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.

> பொறாப்பாதை என்றால் பொறாமைதான் ஞாபகம் வருகிறது

இதற்கு என்னிடம் பதில் இல்லை, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நேற்று வகுப்பில் கிரில் கணக்கை அப்படியே பலகையில் போட்டேன். பொறுதி பற்றி ஒருவரும் சந்தேகம் கேட்கவில்லை, எண்ணைப் போடச் சொன்னேன், போட்டார்கள். பொறாப்பாதை என்று எழுதியதும் கடைசி பெஞ்சில் ஒரு சலசலப்பு. அதே தேவனாம்பட்டினத்துப் பையன்தான் எழுந்தான். “பொறுக்காத பாதைன்னே எழுதுங்க சார், எங்களுக்குப் புரிஞ்சிடும்.” பக்கத்தில் இருந்தவன் ‘பொறுக்கி’ என்று ஏதோ முணுமுணுத்து உதை வாங்கினான், அந்த ஆபத்து இதில் இருக்கத்தான் செய்கிறது.

இப்போதைக்குக் குறிப்பேட்டில் ‘பொறுதி’, ‘மொத்தப் பொறுதி’, ‘தன்பொறுதி’, ‘பொறுக்காத பாதை’ என்று போட்டிருக்கிறேன். ‘பொறுதிக் கடன்’ பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கிரில்லுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை, 9 நாள் பாக்கி.