ரிப்போர்ட்டில் "சென்சிடிவ்", வாயில் மட்டும் ஏன் மருந்து கேட்கவில்லை?

தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

அப்பாவுக்கு 71 வயது. மேல்வரிசை முழுக்கப் பல் செட். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். பொங்கல் கழிந்து ஒரு நாள், காரம் பட்டால் மேல்வாய் எரிகிறது என்றார். செட்டைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். செட் உட்காரும் இடம் மட்டும் சிவந்திருந்தது. செட்டின் ஓரம் எங்கே முடிகிறதோ, கோடு போட்ட மாதிரி சிவப்பும் அங்கேயே முடிகிறது. வாயின் இரண்டு ஓரத்திலும் வெடிப்பு வேறு.

பல் டாக்டர் பூஞ்சை என்றார். கிளாட்ரிமசோல் மவுத் பெயின்ட், 14 நாள். போனது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது. மறுபடி பெயின்ட், கூடவே ஃபுளுகோனசோல் மாத்திரை. போனது, வந்தது. மூன்றாவது தடவை பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். கேண்டிடா அல்பிகன்ஸ் என்று வந்தது. ஃபுளுகோனசோல், வொரிகோனசோல், ஆம்ஃபோடெரிசின் பி, மூன்றுக்கும் நேரே "சென்சிடிவ்".

எல்லா மருந்துக்கும் அடங்குகிற பூஞ்சை என்கிறது ரிப்போர்ட். அப்பா வாயில் எதற்கும் அடங்கவில்லை. லேப் தப்பா, மாத்திரை டூப்ளிகேட்டா? டோஸை இரட்டிப்பாகக் கொடுக்கலாமா என்று மெடிக்கலில் கேட்டேன். "கொடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். மாங்காய் சீசன் வேறு தொடங்கிவிட்டது. வாரா வாரம் வண்டியில் உட்கார வைத்து அலைய முடியவில்லை.

ஊத்தங்கரை மருமகள்

எங்க மாமியாருக்கும் இதே கதை. ஒன்றரை வருடம் பெயின்ட் தடவினோம். கடைசியில் பழைய செட் உடைந்து புதுச் செட் செய்தோம், அதோடு நின்றது. ஏன் என்று கேட்காதீங்க, எனக்குத் தெரியாது.

பெட்ரி தட்டு, தருமபுரி

மெடிக்கல்காரர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். கிளிமிபிரைடைக் கல்லீரலில் சிதைக்கிற நொதியை ஃபுளுகோனசோல் தடுக்கும். சர்க்கரை மாத்திரை உடம்பில் அதிக நேரம் தங்கி, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். டோஸை நீங்களாக ஏற்றி, அப்பா ராத்திரி வியர்த்துக் கிடந்தால் அப்புறம் பூஞ்சையா பெரிய விஷயமாகத் தெரியும்? கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்பதைப் பல் டாக்டரிடமும் சொல்லி வையுங்கள்.

நான் மைக்ரோபயாலஜி லேபில் பதினாறு வருடமாக இருக்கிறேன். லேப் தப்பு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நாங்கள் செய்வது இதுதான். குச்சியைத் தட்டில் தீட்டி வளர்ப்போம். வெண்ணெய் நிறத்தில் புள்ளி புள்ளியாகக் காலனி வரும். அதில் கொஞ்சம் தொட்டு எடுத்து உப்புத் தண்ணீரில் கலக்குவோம். இப்போது செல்கள் தனித்தனியாக மிதக்கும். அவற்றின் மேல்தான் மருந்தைச் சோதிக்கிறோம். ரிப்போர்ட்டில் வருவது அந்தத் தனி ஆளின் கதை. அப்பாவின் செட்டில் குடியிருப்பது ஓர் ஊர்.

தோப்புக்காரர் வீட்டில் மாட்டுத் தொட்டி இருக்கும்தானே? பாசி பிடித்த தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாருங்கள். தண்ணீர் தெளியும், சுவரில் கை வைத்தால் வழுக்கல் அப்படியே இருக்கும். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால்தான் சிமெண்ட் தெரியும். செட்டிலும் அதேதான். அதன் உள்பக்கத்தைப் பாலிஷ் போட மாட்டார்கள், போட்டால் மேல்வாயில் சரியாகப் பொருந்தாது. அந்தச் சொரசொரப்பில் கேண்டிடா ஒட்டுகிறது. ஓரிரு நாளில் உருண்டைச் செல்களும் நூல் நூலான இழைகளும் அடுக்கடுக்காக ஏறி, மேலே கொழகொழவென்று ஒரு பூச்சு. பயோஃபிலிம் என்பார்கள், உயிர்ப்படலம். பூச்சில் குளுக்கன், மேனன் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. செல்களிலிருந்து கசிந்த டிஎன்ஏகூட இருக்கிறது. குளுக்கனில் ஃபுளுகோனசோல் சிக்கிக்கொள்ளும், பசைத்தாளில் ஈ மாதிரி. செல்லுக்குப் போய்ச் சேருவது சொச்சம்தான்.

பூச்சு மட்டும் என்றால் கதை சுலபம். ஒட்டிய சில மணி நேரத்திலேயே, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைக்கிற பம்புகளை இந்தச் செல்கள் கூட்டிக்கொள்கின்றன. அந்தப் பம்புகளுக்கான ஜீன்களை நீக்கிவிட்டும் கேண்டிடாவை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். படலம் இளசாக இருக்கும்போது மருந்துக்கு மடங்கியது. முற்றியபின் பம்பு இல்லாமலே தாங்கியது! அப்போது வேறொன்று வேலை செய்கிறது. பூஞ்சையின் செல் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு உண்டு. அதைத் தயாரிக்க விடாமல் தடுப்பது ஃபுளுகோனசோல். அதையே பிடித்துச் சவ்வைக் குலைப்பது ஆம்ஃபோடெரிசின். முற்றிய படலத்தில் செல்கள் எர்கோஸ்டெராலைக் குறைத்துக்கொண்டு காலம் தள்ளுகின்றன. இரண்டு மருந்துக்கும் குறி நழுவிவிடுகிறது. இது போதாதென்று, ஆம்ஃபோடெரிசினே கொட்டினாலும் சாகாமல் சுருண்டு கிடக்கும் சில செல்கள் அடியில் இருக்கும். மருந்து நின்றதும் அவை எழுந்து ஊரை மறுபடி கட்டும்.

மிதக்கும் செல்லை அடக்கும் அளவைப்போல ஆயிரம் மடங்கு வரை ஃபுளுகோனசோல் ஊற்றியும் படலம் அசையாததைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் இரட்டை டோஸ் எந்த மூலைக்கு?

ஒன்றை விட்டுவிட்டேன். அதே படலத்தைச் சுரண்டி எடுத்துத் தட்டில் வளர்த்தால் பிள்ளைகள் சாதுவாக மருந்துக்கு மடங்கும். பூஞ்சையின் குணம் மாறவில்லை, இருக்கும் இடம்தான் அப்படி ஆக்குகிறது. அதனால்தான் உங்கள் ரிப்போர்ட் சென்சிடிவ் என்றது. அது உண்மையும்கூட. ஊத்தங்கரை அக்காவுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஊரோடு சேர்த்துச் செட்டைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

புரிந்தது அக்கா. நாங்கள் வாய்க்கு மட்டும்தான் வைத்தியம் பார்த்திருக்கிறோம், செட்டுக்குப் பார்க்கவே இல்லை. இந்தப் படலத்தை உடைக்கிற ஊசி ஏதாவது இருக்கிறதா?

பெட்ரி தட்டு, தருமபுரி

இருக்கிறது. காஸ்போஃபங்கின் மாதிரி மருந்துகள் பூஞ்சையின் சுவர் கட்டும் குளுக்கனையே தடுக்கும், படலத்தின் மேலும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் அது நரம்பில் ஏற்றுவது, ரத்தத்தில் கேண்டிடா பரவியவர்களுக்கு. அங்கேயும் பெரும்பாலும், கழுத்து நரம்பில் போட்ட சென்ட்ரல் லைன் என்ற குழாயைச் சீக்கிரம் எடுக்கத்தான் பார்ப்பார்கள். குழாயின் உள்சுவரில் படலம் இருக்கும்வரை மருந்து ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. உங்களுக்கு ஊசி வேண்டாம், பிரஷ் போதும்.

மென்மையான பிரஷ், சாதா சோப்பு. பேஸ்ட் வேண்டாம், அது கீறிவிடும். கீறலில்தான் அது ஒளியும். வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள், செட் கோணிக்கொள்ளும். உலோகம் இல்லாத செட் என்றால் ஹைப்போகுளோரைட் (பிளீச்) கலந்த நீரில் ஊற வைக்கலாம். எவ்வளவு கலப்பது என்று டாக்டரிடம் கேளுங்கள், 10 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம், நன்றாகக் கழுவித்தான் மாட்டவேண்டும். பெயின்ட் தடவும்போது செட்டைக் கழற்றிவிட்டு மேல்வாயில் தடவுங்கள். முக்கியமாக, ராத்திரி கழற்றுகிறாரா?

அக்ரிலிக், ஓசூர்

பல் லேபில் செட் செய்கிறவன். எத்தனை வருடச் செட்? ஏழெட்டு வருடம் தாண்டினால் அக்ரிலிக், அதாவது செட்டின் பிளாஸ்டிக், கீறலும் துளையுமாக ஆகிவிடும், எவ்வளவு தேய்த்தாலும் முழுக்கப் போகாது. லூசாக இருந்தால் உள்பக்கம் ரீலைன் செய்யச் சொல்லுங்கள், அதாவது மேல்வாய்க்குப் பொருந்துகிற மாதிரி புதுப் பூச்சு போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுசு.

தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

ஒன்பது வருடச் செட். அடுத்த புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம்.

ராத்திரி கழற்றுகிறாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. அம்மா போனதிலிருந்து அவர் தோப்புக் கொட்டகையில்தான் படுக்கிறார். நேற்று களி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "கழட்டி எங்கடா வைக்கிறது? அணில் தூக்கிட்டுப் போயிடும். விடியறதுக்கு முன்னாடி மண்டிக்காரன் வந்து நிப்பான். பல்லில்லாம விலை பேசுனா கிலோவுக்கு ரெண்டு ரூபா கொறச்சுக் கேப்பான்" என்றார்.

வாங்கி உள்பக்கத்தில் விரலை வைத்தேன், வழுக்கியது. அக்கா சொன்ன மாட்டுத் தொட்டிதான். சோப்புப் போட்டு ஐந்தாவது தடவை தேய்த்த பிறகுதான் கீச்சென்று சத்தம் கொடுத்தது. ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன். காலை நாலரைக்கு ஃபோன் செய்தார். மூடி இறுகிக்கொண்டதாம், வண்டி வாசலில் நிற்கிறதாம்.