எம்.எஸ்சி. விண்ணப்பம்: பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை தாமிரபரணியில இருந்து ஆரம்பிக்கலாமா?

கல்லிடைப் பையன்:

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சிவில் முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இப்ப சைட் இன்ஜினியரா இருக்கேன். நீரியல், நீர்வளம் பக்கம் எம்.எஸ்சி. படிக்க இங்கிலாந்துல மூணு இடம், நெதர்லாந்துல ஐ.எச்.இ. டெல்ஃப்ட்ங்கிற நீர்க்கல்வி நிறுவனம், அமெரிக்காவுல ஒண்ணு, ஆக அஞ்சுக்கு அப்ளை பண்ணப்போறேன். சி.ஜி.பி.ஏ. 7.3. மூணாம் செமஸ்டர்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அரியர் விழுந்து, அடுத்த தடவை எழுதி பாஸ் ஆயிட்டேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட்: தாமிரபரணியில இருந்து பிரியுற கன்னடியன் பாசனக் கால்வாய்ல நீரோட்டம் அளந்து கசிவு எவ்வளவுன்னு பாத்தோம்.

விண்ணப்பத்தோட என்னைப் பத்தி எழுதி அனுப்ப வேண்டிய பெர்சனல் ஸ்டேட்மென்ட் டிராஃப்ட்டோட முதல் வரி, தமிழ்ல சொன்னா இப்படி: “சிறு வயது முதலே தாமிரபரணிக் கரையில் வளர்ந்த எனக்குத் தண்ணீர் மீது தீராத ஆர்வம் உண்டு. தங்கள் மதிப்புமிக்க பல்கலைக்கழகத்தில் பயின்று என் அறிவுத் தாகத்தைத் தணிக்க விரும்புகிறேன்.”

இது சரியா இருக்கா? அரியரைச் சொல்லணுமா, விட்டுரலாமா? நீளம் 4,000 எழுத்துன்னு நெட்ல போட்டிருக்கு, அதுதானா? அஞ்சுக்கும் ஒரே ஸ்டேட்மென்ட் போதுமா?

பாளை செவ்வந்தி:

தம்பி, முதல்ல நீளத்தை முடிச்சிரலாம். 4,000 எழுத்துங்கிறது யூகாஸ்ங்கிற இங்கிலாந்துப் பொது விண்ணப்ப அமைப்பு வழியா இளநிலைப் படிப்புக்குப் போறவங்களுக்கு உள்ள கணக்கு. 2026 சேர்க்கையில இருந்து அதையும் மூணு கேள்வியாப் பிரிச்சிட்டாங்க. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. முதுநிலைக்குப் பெரும்பாலும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தோட போர்ட்டல்லதான் போடணும். ஒருத்தர் 500 சொல் கேப்பாங்க, இன்னொருத்தர் ரெண்டு பக்கம் கேப்பாங்க. அளவு சொல்லலைன்னா 700 சொல்லை ஒட்டி நிறுத்துங்க. பெட்டியில ஒட்டச் சொன்னா இடைவெளியும் எழுத்தாத்தான் எண்ணப்படும். வேர்டுல இருந்து ஒட்டும்போது பத்தி பிரிச்சது போயிரும், மேற்கோள் குறி வேற ஏதாவதா மாறிரும். ஒட்டின பிறகு ப்ரிவ்யூவை ஒரு தடவை முழுசாப் படிங்க.

பேரும் முக்கியம். இங்கிலாந்துல பெர்சனல் ஸ்டேட்மென்ட்னு கேட்டாலும் அவங்க எதிர்பாக்கிறது ஏன் இந்தப் படிப்பு, அதைப் படிக்க உங்ககிட்ட என்ன இருக்குங்கிறதுதான். நெதர்லாந்துல அதையே மோட்டிவேஷன் லெட்டர்ம்பாங்க. அமெரிக்காவுல சில இடத்துல ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் தனி, பெர்சனல் ஸ்டேட்மென்ட் தனி, ரெண்டும் கேப்பாங்க. அங்க முதலாவதுல படிப்பும் ஆராய்ச்சியும், ரெண்டாவதுல வளர்ந்த சூழல், குடும்பத்துல முதல் பட்டதாரியா, எதைத் தாண்டி வந்தீங்க, இதெல்லாம். ஒண்ணுல எழுதினதை மத்ததுல திரும்ப எழுதினா ஒரு பக்கம் வீண்.

இப்ப உங்க முதல் வரி. ஆறு குத்தமில்ல. “சிறு வயது முதலே”தான் குத்தம். படிக்கிறவர் மேசையில அன்னைக்கு இருக்கிற கட்டுல பாதிப் பேர் சின்ன வயசுலயே ஆர்வப்பட்டவங்க. மதிப்புமிக்க பல்கலைக்கழகம், அறிவுத் தாகம், உலகத்தரம் வாய்ந்த ஆசிரியர்கள், எல்லாத்தையும் அடிச்சிருங்க. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வைங்க: உங்க வகுப்புல பக்கத்து பெஞ்சுல இருந்தவன் பேரைப் போட்டாலும் அந்த வரி பொருந்துமா? பொருந்தினா அது உங்க வரி இல்ல.

700 சொல்லுன்னா நான் பிரிக்கிற விதம்: திறப்பு 60 முதல் 80, அதுல நேரா ஒரு தொழில்நுட்பக் கேள்வி. ப்ராஜெக்டும் அதுக்கு ஆதாரமான பாடங்களும் 250. வேலை 120. ஏன் இந்தப் படிப்பு, இந்த இடம்ங்கிறது 180. மிச்சத்துல பிறகு என்ன செய்யப்போறீங்கன்னு. இந்த இடம் ஏன்ங்கிற அந்த 180தான் ஒவ்வொரு இடத்துக்கும் புதுசா எழுத வேண்டியது. அப்ப முதல் வரியும் கொஞ்சம் மாறும். அதனால ஒரே ஸ்டேட்மென்ட் அஞ்சுக்கும் ஆகாது. முக்கால்வாசி பொது, கால்வாசி தனி.

அந்தக் கால்வாசிக்கு வெப்சைட்டோட முகப்புப் பக்கத்தைப் பாத்துப் பிரயோசனமில்ல. மாடியூல் பட்டியலை, அதாவது அந்தப் படிப்புல உள்ள பாடங்களோட பட்டியலை இறக்கி, கட்டாயப் பாடம் எது, விருப்பப் பாடம் எதுன்னு பிரிங்க. விருப்பப் பாடம் அந்த வருஷம் நடக்காமலும் போகலாம், அதனால முழு வாதத்தையும் அது மேல கட்டாதீங்க. பாடத்தோட பேரை மட்டும் சொல்றதும் பத்தாது, உங்க ப்ராஜெக்ட்ல எந்த முடிச்சை அது அவிழ்க்கும்னு சொல்லணும். வகுப்புப் பாடமா நடக்கிற எம்.எஸ்சி.க்குப் பேராசிரியர் பேர் கட்டாயமில்ல. ஆராய்ச்சிப் படிப்புன்னா வேணும், ஆனா அவர் இன்னும் அங்கதான் இருக்காரான்னு பாத்துட்டுப் போடுங்க.

பேட்டை அண்ணாச்சி:

அக்கா சொன்னது சரி. நான் ப்ராஜெக்டுக்கு வாரேன், ஏன்னா உள்ள சரக்கு அங்கதான் கெடக்கு. தம்பி அதை ஒத்த வரியில முடிச்சிட்டான்.

நீரோட்டத்தை எதை வச்சு அளந்தியே? மிதவையா, தண்ணி வேகத்தைக் காட்டுத கரன்ட் மீட்டரா? மிதவைன்னா எத்தனை மீட்டர் தூரத்துக்கு ஓடவிட்டிய, ஒரு இடத்துல எத்தனை தடவை? மேல்மட்ட வேகத்தை சராசரி வேகமாக்க 0.85-ஆல பெருக்கினியளா? மேலயும் கீழயும் அளந்து வித்தியாசம் எடுத்திருப்பிய. இடையில உள்ள மடையெல்லாம் அன்னைக்கு அடைச்சிருந்துதா, தொறந்திருந்துதா? இதுக்குப் பதில் சொல்லுத மூணு வரிதான் உன்னை மத்தவன்கிட்ட இருந்து பிரிச்சுக் காட்டும். தேர்வுக் குழுவுல உக்காந்திருக்கவரும் ஏதோ ஒரு ஆத்துல எறங்கி அளந்தவராத்தான் இருப்பாரு.

இன்னொண்ணு. மிதவை முறையில பிழை கொஞ்சநஞ்சமில்ல. சின்ன தூரத்துல கால்வாய் இழக்குத தண்ணியைவிட அளவீட்டுப் பிழை பெருசா இருக்க வாய்ப்பு உண்டு. உன் கணக்கை எடுத்துப் பாரு. அப்படித்தான் இருக்குன்னா அதை மறைக்காத, அதையே முதல் பத்தியா வையி. இங்கிலீஷ்ல நீ எழுதிக்கோ, பொருள் இப்படி வரட்டும்:

“கன்னடியன் கால்வாயில் மூன்று இடங்களில் மிதவை முறையில் நீரோட்டத்தை அளந்தேன். மேல் இடத்துக்கும் கீழ் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் மடைகள் எடுக்கும் நீரைக் கழித்து, மீதியைக் கசிவு என்று எழுதினேன். பிறகு பார்த்தால் என் அளவீட்டின் பிழையே அந்த மீதியின் அளவுக்கு இருந்தது. எது கசிவு, எது பிழை என்று பிரிக்கும் வழி அப்போது எனக்குத் தெரியவில்லை.”

இதுக்கு அடுத்த வரியில, கால்வாயில ஒரு துண்டை அடைச்சுத் தண்ணியை நிறுத்தி மட்டம் எவ்வளவு எறங்குதுன்னு பாக்க முறையைப் பத்தி நீ படிச்சிருந்தா சொல்லு, படிக்கலைன்னா இப்ப படி. அதுக்கப்புறம் அந்தப் படிப்புல உள்ள அளவீட்டுப் பாடத்துக்குப் போனா ரோடு தன்னால போகும். உனக்கு ஏன் அந்தப் படிப்பு வேணும்னு தனியா வக்காலத்து வாங்க வேண்டாம்.

அப்புறம் நம்ம ஊர்ச் சொல். இதுலதான் நம்ம பிள்ளைய அடி வாங்குதாவ. நாம டேங்க்னு எழுதினா நமக்குக் குளம். அவனுக்கு மாடியில உள்ள சிமென்ட் தொட்டி, இல்லன்னா ராணுவ வண்டி. முதல் தடவை வரும்போது, மண்கரை போட்டு மழைநீரைத் தேக்குத பாசன நீர்த்தேக்கம்னு ஒரு தொடர்ல வெளக்கிட்டு, பொறவு டேங்க்னே போ. அனிகட்ங்கிற சொல்லே நம்ம அணைக்கட்டுல இருந்து போனதுதான், ஆனா எல்லாருக்கும் தெரியும்னு நெனைக்காத. டைவர்ஷன் வியர்னு போடு, தண்ணியைத் திருப்பி விடுத தடுப்பணைன்னு அர்த்தம். கியூசெக்கை, அதாவது வினாடிக்கு ஒரு கன அடிங்கிற கணக்கை, கன மீட்டராக்கு: 100 கியூசெக் வினாடிக்கு 2.83 கன மீட்டர். ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி, சுமார் 2.83 கோடி கன மீட்டர், அதையும் கோடின்னு எழுதாம மில்லியன்ல எழுது, 28.3. பாபநாசம் அணை 143 அடின்னா நமக்குப் புல்லரிக்கும், அவனுக்கு 43.6 மீட்டர்னாத்தான் புரியும்.

அரியர்ங்கிற சொல்லும் அப்படித்தான். அங்க அது கட்டாத பாக்கி. ஒரு பாடத்துல தவறி மறுதேர்வு எழுதினேன்னு எழுது. ‘பாஸ்டு அவுட்’னு எழுதாத, மயங்கி விழுந்துட்டேன்னு அர்த்தம்.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஏற்கெனவே 7.3, அரியர் வேற. இதுல ப்ராஜெக்டும் தப்பாப் போச்சுன்னு தம்பியே எழுதினா வேலைக்காகுமா? அதுக்குப் பதிலா 2023 டிசம்பர் மழையில இருந்து ஆரம்பிக்கலாமே. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர்! படிக்கிறவர் நிமிர்ந்து உக்காருவார்.

பாளை செவ்வந்தி:

நிமிர்ந்து உக்காருவார், ரெண்டாவது வரியில சாஞ்சிருவார். அந்த மழை ரெண்டு மாவட்டத்துக்கும் பொது. திருநெல்வேலி, தூத்துக்குடியில இருந்து நீரியலுக்குப் போடுற எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க. தம்பி கையில அதுல சொந்தமா ஏதாவது இருந்தா, உதாரணமா அவர் வேலை பாக்கிற சைட்ல ஒரு சிறுபாலத்தோட நீர்வழி அளவை அதுக்கப்புறம் மறுபடியும் கணக்குப் போட்டிருந்தா, வேலைப் பத்தியில வைக்கலாம். இல்லாததை நுழைக்கக் கூடாது, இன்டர்வியூ வச்சா அங்கதான் தோண்டுவாங்க.

ப்ராஜெக்ட் விஷயத்துல நான் அண்ணாச்சி பக்கம்தான். தப்பாப் போச்சுங்கிறது வேற, பிழை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்ங்கிறது வேற. ஆனா அரியரையும் இதையும் ஒரே பத்தியில வைக்காதீங்க, சேத்துப் படிச்சா புலம்பல் மாதிரி ஆயிரும்.

அரியரை மறைக்கவும் முடியாது, டிரான்ஸ்கிரிப்ட்ல இருக்கும். அதுவும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். நீரியலுக்குப் போறவரோட மார்க்ஷீட்ல அவங்க முதல்ல தேடுற பாடமே அதுதான். ரெண்டு வாக்கியம் போதும். முதல் வாக்கியத்துல நடந்தது, காரணத்தோட. ரெண்டாவதுல அதுக்குப் பிறகு ஹைட்ராலிக்ஸ், நீர்வளப் பொறியியல் பாடங்கள்ல என்ன வாங்கினீங்க. கல்லூரியைக் குறை சொல்ல வேண்டாம், உடம்பு சரியில்லைன்னு சொன்னா அதுக்குக் காகிதம் இருக்கணும். விண்ணப்பத்துல கூடுதல் தகவல்னு தனிப் பெட்டி இருந்தா அங்க போடுங்க, ஸ்டேட்மென்ட்ல இடம் மிச்சமாகும். அடுத்தடுத்த பாடத்துலயும் மார்க் சுமாருன்னா ரெண்டாவது வாக்கியத்துக்கு வேலைக் கணக்கை வைங்க. வெறும் “பாடம் கற்றுக்கொண்டேன்” வேண்டாம்.

இன்னும் ரெண்டு விஷயம். கன்சல்டன்சியில எழுதி வாங்காதீங்க. ஒரே அச்சுல பத்துப் பேருக்கு வார்த்து, ஊர் பேரை மட்டும் மாத்திக் குடுக்கிற இடங்கள் இருக்கு. ஒப்புமை பாக்கிற மென்பொருள் அதைப் பிடிச்சிரும். ஏ.ஐ.கிட்ட முழுசா எழுதச் சொன்னாலும் இதே அச்சுதான் வரும். எதுவரை பயன்படுத்தலாம்னு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விதியைப் போட்டிருக்கும், படிச்சிட்டுத் தொடுங்க. அடுத்து, படிச்சு முடிச்சு ஊருக்குத் திரும்பிருவேன், நிலம் இருக்கு, அப்பா அம்மா இருக்காங்கங்கிறது விசா கேள்விக்கான பதில். அதைக் கொண்டுபோய் ஸ்டேட்மென்ட்ல ஒரு பத்தி எழுதுறாங்க. வேண்டாம்.

பரிந்துரைக் கடிதம் தர்ற சாருக்கு முடிஞ்ச டிராஃப்ட்டை அனுப்புங்க. நீங்க மூணு இடத்துல அளந்தேன்னு எழுத, அவர் அஞ்சுன்னு எழுதினா ரெண்டுமே கெடும்.

கல்லிடைப் பையன்:

ரொம்ப நன்றி. நோட்டை எடுத்துப் பாத்தேன். மிதவைதான். 30 மீட்டர் தூரம், ஒரு இடத்துக்கு அஞ்சு தடவை. 0.85 போட்டிருக்கோம். ஒரே இடத்துல அஞ்சு தடவையும் வந்த வேகத்துல உள்ள வித்தியாசமே நாங்க கசிவுன்னு எழுதினதைவிடக் கூட இருக்கு. ரிப்போர்ட்ல சராசரியை மட்டும் போட்டுட்டோம்.

திறப்பை இப்படி மாத்தியிருக்கேன்: “30 மீட்டர் கால்வாயில் ஒரே மிதவையை ஐந்து முறை விட்டேன், ஐந்து முறையும் வேறு வேறு வேகம். அந்த வித்தியாசம், நான் அளக்க வந்த கசிவைவிடப் பெரியது.” பிறகு அண்ணாச்சி சொன்ன மாதிரி போகுது. மொத்தம் 690 சொல். இங்கிலாந்துக்கு ஒண்ணு, டெல்ஃப்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ஃபைலை உங்க ரெண்டு பேருக்கும் மெயில்ல அனுப்பியிருக்கேன்.

பேட்டை அண்ணாச்சி:

திறப்பு அருமை, இனி அதைத் தொடாத. நாலாவது பத்தியில குளத்துக்கு டேங்க்னே விட்டிருக்க, வெளக்கம் இல்ல. மடைக்கு ஸ்லூயிஸ்னு போட்டது சரி. வேலைப் பத்தியில “பலதரப்பட்ட பணிகளை மேற்பார்வையிட்டேன்”னு ஒரு வரி கெடக்கு. எத்தனை பேர், என்ன வேலை, எந்த வரைபடத்தை நீ சரிபாத்தன்னு எண்ணிக்கையோட மாத்து, இல்லன்னா வெட்டு.

பாளை செவ்வந்தி:

டெல்ஃப்டுக்கான ஃபைலைத் திறந்தேன் தம்பி. கடைசிப் பத்தியில இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தோட பேர் அப்படியே இருக்கு. கன்ட்ரோல் எஃப் போட்டு அஞ்சு பேரையும் ஒவ்வொரு ஃபைல்லயும் தேடுங்க, அப்புறம் பி.டி.எஃப். ஆக்குங்க. ஃபைல் பேர்ல “ஃபைனல் 3 புதுசு”ன்னு இருக்கு, அதையும் மாத்திருங்க.