ஜோடிக்குள் மூன்றாவது ஆள்: லவ் பேர்ட்ஸ் வளர்த்தவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டுக்கு இந்த ஜோடி வந்து இரண்டு வருடம் ஆகிறது. எதிர் வீட்டுக்காரர்கள் மாற்றலாகி வெளியூர் போனபோது கூண்டோடு எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கடைகளில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் பெரும்பாலும் பட்ஜீஸைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது ஆஸ்திரேலியப் பறவை. நான் எழுதுவது "ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்" என்று தனியாகச் சொல்லி விற்கிறார்களே, அதைப் பற்றி. குட்டை வால், பெரிய அலகு, எடை ஐம்பது கிராம் சொச்சம். எங்களுடையது ரோஜா முகம் கொண்ட வகை. நமீபியா, அங்கோலா பக்கத்து வறண்ட நிலம்தான் அதன் சொந்த ஊர்.

பச்சை நிறப் பறவைக்குப் பட்டாணி என்றும், லூட்டினோ என்று சொல்கிற மஞ்சள் நிறப் பறவைக்கு மஞ்சு என்றும் பேர் வைத்தோம். இந்த வகையில் ஆண் பெண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு இறகை அனுப்பி டிஎன்ஏ பரிசோதனை செய்தபோதுதான் மஞ்சு ஆண், பட்டாணி பெண் என்று தெரிந்தது. பேரை மாற்ற மனம் வரவில்லை.

வந்த புதிதில் யார் கூண்டுப் பக்கம் போனாலும் இரண்டும் பின் மூலைக்கு ஓடி, ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். தண்ணீர்க் கிண்ணம் மாற்றக் கையை விட்டால் கம்பியில் மோதி மோதிக் கத்தும். எனக்கு அழுகையே வந்துவிடும். பறவைக் கடையில் யோசனை கேட்டேன். "ஜோடியாக இருக்கிற வரைக்கும் உங்களைத் திரும்பிப் பார்க்காது, பிரித்து வையுங்கள், தானாக வழிக்கு வரும்" என்றார்கள். அதை நம்பி மஞ்சுவை வேறு கூண்டில் வைத்துப் படுக்கையறைக்குக் கொண்டுபோனேன்.

அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. விடியற்காலையில் ஒன்று கூப்பிடும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மற்றது பதில் கொடுக்கும். இருட்டும் வரை அதே சத்தம்தான். பட்டாணி தினையை அலகால் தள்ளிவிடுகிறதே தவிர உடைத்துத் தின்னவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மஞ்சுவைத் திரும்பக் கொண்டுவந்து விட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றின் தலையை மற்றது கோதிக்கொண்டே இருந்தது. அதற்கு அப்புறம் பட்டாணி என் கையைப் பார்த்தாலே முன்னைவிட இரண்டு மடங்கு பயந்தாள். அவள் துணையைப் பிடித்துக்கொண்டு போன கை அதுதானே. தயவுசெய்து யாரும் பிரிக்காதீர்கள். பிரித்து வாங்குகிற நெருக்கம் பறவைக்கு வேறு போக்கில்லாததால் வருவது. அதை நான் நம்பிக்கை என்று சொல்ல மாட்டேன்.

வழி காட்டியது என் மாமனார். கூண்டை பால்கனியிலிருந்து எடுத்து, ஹாலில் ஒரு பக்கம் சுவர் வருகிற மாதிரி, உட்காரும் குச்சி நம் கண் உயரத்துக்கு இருக்கும்படி வைத்தோம். அது மாமாவின் நாற்காலிக்குப் பக்கம். அவர் காலை ஆறரைக்குப் பேப்பரை எடுத்தால் வாய்விட்டு, மெல்லிய குரலில் ஒரு மணி நேரம் படிப்பார். பறவைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். பத்தே நாளில் அவர் பக்கத்தில் இருக்கும்போதே இரண்டும் இறங்கி வந்து தின்ன ஆரம்பித்தன. அத்தனை நாள் நான் செய்ததெல்லாம் கூண்டுக்கு நேரே நின்று, இரண்டு கண்ணாலும் உற்றுப் பார்த்து, "வா வா" என்று கெஞ்சியதுதான். இரை தேடுகிற பிராணிதான் அப்படிப் பார்க்கும். நான் அன்போடு பார்க்கிறேன் என்று அதற்கு எப்படித் தெரியும்?

மறுநாளிலிருந்து கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது எல்லாம் கூண்டுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்துதான். முதலில் நாலு டைல்ஸ் தள்ளி. அவை இறகை உடம்போடு இறுக்கிக் கழுத்தை நீட்டி விறைத்து நின்றால் ஒரு டைல்ஸ் பின்னால் போய்விடுவேன். ஒரு பக்கத்துச் சிறகையும் அதே பக்கத்துக் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்தால், சரி, நாளைக்கு ஒரு டைல்ஸ் முன்னால். இப்படிக் கூண்டுக் கம்பிக்குப் பக்கத்தில் போய்ச் சேர ஐந்து வாரம் ஆனது.

அப்புறம் தினைக் கதிர். கிண்ணத்தில் மற்றத் தானியம் எப்போதும்போல இருக்கும், கதிர் மட்டும் என் கையில்தான் கிடைக்கும். மஞ்சு இரண்டாம் நாளே வந்துவிட்டான். பட்டாணி வரவில்லை. மேல் குச்சியில் இருந்தபடி பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பார்த்தது என்னையல்ல, அவனை. அவன் நாலைந்து மணியைக் கொத்தி உமியை உதிர்த்துவிட்டு, மேலே ஏறிப்போய்த் தலையை இரண்டு தடவை ஆட்டி, தொண்டையிலிருந்து எடுத்து அவள் வாயில் ஊட்டுவான். பிறகு இறங்கி வருவான். மறுபடி ஏறிப் போவான். ஆண் பெண்ணுக்கு ஊட்டுவது இந்தப் பறவைகளின் வழக்கம் என்று அதற்கு முன்பே படித்திருந்தேன். ஆனாலும் நான் கொடுத்த தினை அவன் வழியாக அவளுக்குப் போய்ச் சேருவதைப் பக்கத்திலிருந்து பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. பதினோரு நாள் இப்படியே போனது. பன்னிரண்டாம் நாள் அவளும் கூடவே இறங்கி வந்தாள். அன்று நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரே கதிரை நீட்டினேன். அவள் அவனைக் கொத்தி விரட்டிவிட்டாள். ஜோடி வைத்திருப்பவர்கள் இரண்டு கையிலும் ஒவ்வொரு கதிர் வைத்துக்கொள்ளுங்கள். லவ் பேர்ட்ஸில் அதிகாரம் பெரும்பாலும் பெண் கையில்தான்.

பேப்பர் விஷயத்தைச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. மாமா படிக்கிற பேப்பரின் ஓரம் ஒரு நாள் கம்பிக்குள் போய்விட்டது. பட்டாணி அந்த ஓரத்தில் அலகை வைத்து, கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுகிற மாதிரி வரிசையாகத் துளை போட்டுக்கொண்டே போனாள். ஒரு விரல் நீளத்துக்கு நேர்கோடாய்ப் பிரிந்து வந்தது. அதைப் பிடித்துத் தலையைப் பின்னால் திருப்பி, இடுப்பு இறகுக்குள் செருகி, இறகை அழுத்தி மூடிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏழு துண்டு. காட்டில் மரப்பட்டையை இப்படித்தான் கூட்டுக்குச் சுமந்து போகுமாம். இவற்றின் உறவுக்கார இனமான ஃபிஷர் லவ் பேர்ட் அலகில்தான் தூக்கிப் போகும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்கர் என்பவர் இந்த இரண்டு இனத்தையும் கலந்து குஞ்சு எடுத்துப் பார்த்து, 1962இல் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கலப்புப் பறவைகள் செருகவும் தெரியாமல், தூக்கவும் தெரியாமல் தடுமாறி, அலகில் தூக்கப் பழகுவதற்கே வருடக் கணக்கில் ஆனதாம். அதைப் படித்ததிலிருந்து, எங்கள் பட்டாணி ஒரு தாளை இறகில் செருகும்போது இன்னும் மரியாதையாகத்தான் பார்க்கிறேன்.

அந்தப் பேப்பர் ஓரம்தான் அவளை என் விரலில் ஏற்றியது. வெள்ளைத் தாள் ஒன்றை ஆள்காட்டி விரலுக்கு மேல் மடித்துப் பிடித்தேன். அதைக் கிழிக்க வந்தவள் கால் வைக்க வேறு இடம் இல்லாமல் விரலில் வைத்தாள். சூடான, சின்ன, கொஞ்சம் சொரசொரப்பான பாதம். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, தாள் கிழிப்பதைப் படித்ததும் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நம்முடையது ஃபிஷர் ஜோடி. நன்றாகத்தான் பழகியிருந்தார்கள். தோளில் உட்காருவார்கள், காதோரம் முடியைக் கோதுவார்கள். ஆசைப்பட்டுக் கூண்டுக்குள் ஒரு மண்பானை கட்டிவிட்டேன். ஒரே வாரத்தில் பெண் பறவை வேறு ஆளாகிவிட்டது. கையை உள்ளே விட்டால் பாய்ந்து வந்து, பிடித்த பிடியை விடாது. விரல் நகத்துக்குக் கீழே கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது. "இத்தனை மாதம் பழகியதெல்லாம் போய்விட்டதே" என்று மனசு உடைந்துவிட்டேன். உண்மையில் அது என்னை வெறுக்கவில்லை. கூட்டைக் காத்தது, அவ்வளவுதான்.

அந்த முறை ஐந்து முட்டை. பெண்தான் அடைகாக்கும், இருபத்து மூன்று நாள் போல. ஆண் வெளியிலிருந்து ஊட்டும். அதுவரைக்கும் வருத்தம் இல்லை. அடுத்தடுத்து முட்டை வைத்ததில்தான் ஆபத்து வந்தது. ஒரு காலை நேரம் உடம்பைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு கூண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தது, கண் பாதி மூடி. முட்டை உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது. பறவை பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் உடனே தூக்கிப்போனதால் பிழைத்தது. கால்சியம் போதவில்லை என்றார். அதிலிருந்து கடல் நுரை, அதாவது கணவாயின் ஓடு, எப்போதும் கூண்டில் தொங்கும், முருங்கைக் கீரையும் கொடுக்கிறேன். பானையை எடுத்துவிட்டேன். சாயங்காலம் ஆறரைக்கே துணி போட்டு மூடி, நீண்ட இரவு கிடைக்கும்படி செய்கிறேன். பகல் வெளிச்சம் நீண்டால் முட்டை வைக்கத் தூண்டும் என்று டாக்டர் சொன்னார். இரண்டு மாதத்தில் பழைய பெண் திரும்பி வந்துவிட்டாள். அக்கா, தாளை அளவாகக் கொடுங்கள். அதுவும் கூடு கட்டுகிற ஆசையைக் கிளப்பும்.

ஈரோட்டிலிருந்து:

நான் அவசரப்பட்டவன். கையில் வந்து தின்னத் தொடங்கிய மூன்றாம் நாளே கூண்டைத் திறந்து அறைக்குள் விட்டுவிட்டேன். மின்விசிறியை மட்டும் ஞாபகமாக நிறுத்தியிருந்தேன், ஜன்னல் கண்ணாடிக்குத் திரை போடவில்லை. ஆண் பறவை நேரே போய் மோதி விழுந்தது. ஓடிப்போய் எடுக்கப் போனேன். அதற்குள் பெண் பறவை பறந்து வந்து, தரையில் கிடந்ததன் பக்கத்தில் நின்று, என்னைப் பார்த்து அலகைத் திறந்து சீறியது. என் உள்ளங்கை அளவுகூட இல்லாத உயிர். நான் அப்படியே பின்வாங்கி அறையை இருட்டாக்கிவிட்டு, கதவோரம் உட்கார்ந்தேன். இருபது நிமிடத்தில் அடிபட்டது எழுந்து நின்றது. டாக்டரிடம் காட்டினோம், எலும்பு ஒன்றும் உடையவில்லை.

ஆனால் அந்த ஜோடி என்னிடம் திரும்பி வர ஆறு வாரம் பிடித்தது. அந்த ஆறு வாரமும் ஐஸ் குச்சிப் பயிற்சிதான். குச்சி நுனியை அலகால் தொட்டால் ஒரு சூரியகாந்தி விதை. முதலில் கம்பிக்கு இந்தப் பக்கம், பிறகு கூண்டு வாசலில், பிறகு மேசையில். இப்போது வெளியே விட்டால் கூண்டுக்குள் திரும்பப் பிடித்துப் போடுகிற வேலையே இல்லை. குச்சியை வாசலில் காட்டினால் இரண்டும் தானாக வந்து ஏறும். ஒன்றை மட்டும் வெளியே விட்டு மற்றதை உள்ளே வைப்பதும் கிடையாது.

சமையலறைக் கதவையும் சாத்திவிடுங்கள். நான்ஸ்டிக் சட்டி காய்ந்து சூடேறினால் வருகிற புகை பறவையைக் கொன்றுவிடும். கொசுவத்தி, ஊதுபத்திப் புகையும் வேண்டாம்.

மதுரையிலிருந்து:

என் ஜோடியில் பெண் போன மாதம் இறந்துவிட்டது. ஒன்பது வருடம் கூட இருந்தது. ஆண் இரண்டு நாள் அது உட்காரும் இடத்தை விட்டு நகரவில்லை. எல்லாரும் உடனே வேறு ஒன்று வாங்கிப் போடுங்கள் என்கிறார்கள். ஜோடியாக இருந்தபோது என் பக்கம் அவ்வளவாக வராதது, இப்போது நான் எழுந்து போனால் கூப்பிடுகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

திருச்சியிலிருந்து:

உங்கள் செய்தியைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அது கூப்பிடும்போது பதில் கொடுங்கள், அது போதும் இப்போதைக்கு. வேறு அறையில் இருந்தாலும் ஒரு சீட்டி, ஒரு வார்த்தை. கூட்டத்தில் பறவைகள் ஒன்றுக்கொன்று "இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வது அப்படித்தான். உணவு சரியாக எடுக்கிறதா என்று தினமும் எடை பாருங்கள், சமையல் தராசு போதும். நன்றாகத் தின்று, இறகு கோதிக்கொள்ள ஆரம்பித்த பிறகு இன்னொரு பறவையைப் பற்றி யோசிக்கலாம். அதையும் நேரே அதன் கூண்டில் விடாமல், பக்கத்தில் தனிக் கூண்டில் வைத்து, இரண்டும் கம்பியோரம் வந்து உட்காருகிறதா என்று பாருங்கள். புதுப் பறவையை முதலில் ஒரு மாதம் வேறு அறையில் வைத்து, நோய் ஒன்றும் இல்லை என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

நாகர்கோவில் தம்பி, நீங்கள் சொன்னபடியே தாளை வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைத்துவிட்டேன். மாமாவுக்குத்தான் வருத்தம்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது. திடீர் இருட்டில் முன்பெல்லாம் இரண்டும் பதறிக் கூண்டெல்லாம் அடித்துக்கொள்ளும். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பியில் ஒரு விரலை வைத்து, மாமா மாதிரியே மெல்லப் பேசிக்கொண்டிருந்தேன். சிறகடிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் கரகர என்று அலகை அரைக்கிற சத்தம் கேட்டது, தூங்கப் போகும்போது செய்வார்களே, அது. முதலில் ஒன்று. அப்புறம் என் விரலுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று.