முறுக்கு டப்பாவில் பதினோரு மாத்திரை

வாட்ஸ்அப் குழு: மணப்பாறை வீடு

பெரியக்கா: அம்மாவை இன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் 2.8-இலிருந்து 1.6-க்கு இறங்கியிருக்கிறது. ஐந்து மாதத்தில் மூன்றாவது ஆஸ்பத்திரிப் படுக்கை. இனி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். யார்?

சின்னண்ணன்: எனக்கு 15-ஆம் தேதி வரை ஆபீஸில் தணிக்கை.

கோவை மாமா: முருகா.

சின்ன அண்ணி: நேற்று அத்தையின் முறுக்கு டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். பதினோரு வகை மாத்திரை. சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்த்ததே இல்லை. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை. அதன்மேல் வலிக்கு டைக்ளோஃபினாக். மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். போதாக்குறைக்கு இரண்டு நாள் பேதி. அன்றே டாக்டரைக் கேட்டு நீர் மாத்திரையை நிறுத்தியிருக்க வேண்டும். அத்தை ஒரு வேளைகூட விடவில்லை.

பெரியண்ணன்: டைக்ளோஃபினாக் எங்கிருந்து வந்தது?

பெரியக்கா: உன் பையிலிருந்து. பொங்கலுக்கு வந்தாயே. சீட்டு இல்லாமல் 30 மாத்திரை.

பெரியண்ணன்: வலியில் அழுதாள். பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறாயா?

சின்னண்ணன்: தோப்பை விற்றபோதும் இதே பதில்தான்.

பெரியக்கா: தோப்பை இங்கே இழுக்காதே.

கோவை மாமா: வெண்டைக்காய் ஊறவைத்த தண்ணீர் குடித்தால் சர்க்கரை, கொழுப்பு, மூட்டுவலி மூன்றும் போகும். பத்துப் பேருக்கு அனுப்பவும்.

சின்ன அண்ணி: மாமா, தயவுசெய்து அத்தைக்கு அனுப்பிவிடாதீர்கள். கந்த சஷ்டிக்குப் பட்டினி கிடந்து, சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடை மட்டும் விழுங்கித்தான் சர்க்கரை 48-க்குப் போனது. முதல் படுக்கை அது. இரண்டாவது, இரவில் சட்டென்று எழுந்து தலை சுற்றி விழுந்தது.

கோவை மாமா: நான் பொதுவாகச் சொன்னேன்.

பெரியக்கா: பில் வேறு இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கலாம்.

சின்னண்ணன்: ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். அம்மா பெயர் அண்ணன் ரேஷன் அட்டையில், அவர் வருமானம் அதைத் தாண்டும்.

பெரியண்ணன்: சேர்த்தபோது எல்லோரும் கைதட்டினீர்கள்.

நான்: வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். ஞாயிறு வரைதான். அதற்குப் பிறகு?

பெரியக்கா: பார்க்கலாம்.

சின்ன அண்ணி: எல்லாச் சீட்டையும் ஒரே டாக்டரிடம் காட்டி, வேண்டாததை எடுக்கச் சொல்ல வேண்டும். யார் அழைத்துப் போவது? இன்னொன்று, மாத்திரை அட்டைகளின் மூலையெல்லாம் கத்தரித்திருக்கிறது. எலியா?

சின்னண்ணன்: அந்த வீட்டில் எலி உண்டு.

அம்மா: எலி இல்லை. எழுத்து தெரியவில்லை என்று நான்தான் வெட்டினேன். ஒரு மூலை காலைக்கு, இரண்டு மூலை இரவுக்கு, வெட்டாதது வலிக்கு. கொட்டியதை அப்படியே எடுத்து வையுங்கள். அடியில் சீட்டுப் பணம் 2,000 இருந்தது.

பெரியக்கா: அம்மா, நீ தூங்கவில்லையா?